ஸ்லிம்: தோற்று வந்தவரை நம்பி இன்னொரு படையை ஏன் கொடுத்தார்கள்?

வாசகர் ஒருவர் கேட்டது:
"1942-ல் பர்மாவை விட்டு ஓடிவந்த ஜெனரல் ஸ்லிமை 1945-ல் மாவீரர் என்கிறார்கள். ஆள் அதே ஆள். சிப்பாய்களும் பெரும்பாலும் அதே இந்தியச் சிப்பாய்கள். நடுவில் வந்து சேர்ந்தது விமானம் மட்டும்தான். அப்படியென்றால் இதில் தளபதி செய்தது என்ன?"

ஜனவரி 4, இரவு 9.50

பாதி சரி. விமானம் இல்லாமல் 1944-ல் ஜப்பானியர் தாக்கியபோது மணிப்பூரின் இம்பால் நின்றிருக்காது. ஆனால் விமானம் வானத்திலிருந்து எதைப் போட வேண்டும், யாருக்குப் போட வேண்டும், போட்டதைத் தின்னும் நிலையில் கீழே ஆள் இருக்கிறானா என்பதெல்லாம் விமானத்தின் வேலை இல்லை.

1942-ன் கணக்கை முதலில் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலம், பர்மாவுக்குள் ஜப்பானியர் புகுந்திருந்தார்கள். மார்ச் 8-ல் தலைநகர் ரங்கூன் அவர்கள் கையில் விழுந்தது. அதன் பிறகு பிரிட்டிஷ், இந்தியப் படையினர் வடக்கே, வடமேற்கே, காடும் மலையுமாக ஏறக்குறைய 900 மைல் பின்வாங்கி மே மாதம் இம்பாலுக்கு வந்து சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் படையின் வரலாற்றில் அவ்வளவு நீண்ட பின்வாங்கல் வேறு இல்லை. சித்தாங் பாலத்தை அவசரத்தில் தகர்த்து இரண்டு பிரிகேடுகளை அக்கரையில் விட்டது உட்பட, எல்லாம் ஸ்லிம் கணக்கில்தான் வருகிறது. அப்படிப்பட்டவரை நம்பி ஏன் இன்னொரு படையைக் கொடுத்தார்கள் என்று கேட்டால் நியாயமான கேள்வி.

ஜனவரி 4, இரவு 11.30

மேலே தவறு செய்துவிட்டேன். சித்தாங் பாலம் தகர்க்கப்பட்டது பிப்ரவரி 23. ஸ்லிம் அப்போது பர்மாவிலேயே இல்லை. மார்ச் நடுவில்தான் அவரை வரவழைத்து பர்மா கோர் (கோர் என்றால் சில டிவிஷன்கள் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) என்ற பெயரில் மிச்சம் இருந்ததை ஒப்படைத்தார்கள். ரங்கூன் துறைமுகம் ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டது. கடல் வழி இல்லாத நாட்டில், கடல் வழியாக வரும் உணவையும் குண்டையும் நம்பிப் பழகிய படை. அதை வெளியே கொண்டுவருவதுதான் அவருக்குக் கிடைத்த வேலை. அந்தப் பாலத்தை அவர் தலையில் கட்டியது என் பிழை.

ஜனவரி 5, காலை

இரண்டு பேர் "பிரபு வீட்டுப் பிள்ளை, அதனால் காப்பாற்றப்பட்டார்" என்று எழுதியிருக்கிறார்கள். இது முழுக்கத் தவறு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வில்லியம் ஸ்லிம் பிறந்தது 1891-ல், பிரிஸ்டலில். வளர்ந்தது பர்மிங்காமில். அப்பா இரும்புச் சாமான் வியாபாரி, வியாபாரம் நொடித்துப்போனது. பையன் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் வாத்தியாராக இருந்தான். பிறகு இரும்புக் குழாய் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை, ஆனாலும் 1912-ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் அதிகாரிப் பயிற்சிப் படையில் எப்படியோ சேர்ந்துவிட்டான். 1914 ஆகஸ்டில் போர் வந்தது, தற்காலிக செகண்ட் லெப்டினன்ட் ஆனான். இல்லாவிட்டால் கடைசிவரை பேரேடு எழுதிக்கொண்டிருந்திருப்பான்.

1915-ல் கலிப்போலியில் குண்டு பட்டது. அங்கேதான் கூர்க்கா வீரர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு மெசபொடேமியாவில் மறுபடி காயம். போர் முடிந்ததும் இந்திய ராணுவத்துக்கு மாறி 6-வது கூர்க்கா ரைஃபிள்ஸில் சேர்ந்தார். சொந்தப் பணம் இல்லாத அதிகாரிக்கு பிரிட்டிஷ் ராணுவத்தில் காலம் தள்ளுவது கஷ்டம், இந்திய ராணுவத்தில் சம்பளத்திலேயே வாழலாம். அதுவும் போதாமல் புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதினார். ஒரு பட்டாலியனுக்குத் தலைவராகி லெப்டினன்ட் கர்னல் ஆனபோது வயது 46. சாதாரணமாக அந்த வயதில் ஆட்கள் ஓய்வூதியக் கணக்குப் போடுவார்கள்.

ஜனவரி 5, மாலை

பர்மாவுக்கு முன்னால் ஒரு தோல்வி இருக்கிறது, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1940 நவம்பர் 6, சூடான் எல்லையில் கல்லாபாத் கோட்டை. ஸ்லிம் அப்போது 10-வது இந்திய பிரிகேடின் பிரிகேடியர். கோட்டையைப் பிடித்தார்கள். எதிரே, எல்லைக்கு அந்தப் பக்கம் மெதெம்மாவில் இத்தாலியர்கள். பாறைகளில் ஏறி டாங்குகள் முடங்கின. இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனில் ஒரு பகுதி நிலைகுலைந்து பின்னால் ஓடியது. ஸ்லிம் யோசித்துப் பார்த்துப் பின்வாங்க முடிவு செய்தார்.

இத்தாலியர்களும் அப்போது உடையும் நிலையில்தான் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. துணிந்து போயிருக்க வேண்டும், போகவில்லை, தவறு என்னுடையது என்று அவரே பிற்பாடு எழுதிவைத்தார். ஓடிய ஆட்கள்மீதும் போடவில்லை, டாங்குமீதும் போடவில்லை. தளபதிகளின் நினைவு நூல்கள் சிலவற்றைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது லேசில் காணக்கிடைக்காது.

அந்தப் பட்டாலியனின் தலைவரை ஸ்லிம் மாற்றினார். அது எஸ்ஸெக்ஸ் ரெஜிமென்ட். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், இம்பாலில் திரும்ப வரும்.

ஜனவரி 7

இந்த இழையில் நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று ஒருவர் கேட்டார். என் தாத்தா பெகுவில் ஒரு அரிசிக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை. 1942-ல் மண்டலே, மோனிவா, கலேவா, தாமு, இம்பால், திமாப்பூர் என்று நடந்தும் படகிலும் லாரியிலும் வந்தவர். அந்த வருடம் பர்மாவிலிருந்து கிளம்பிய இந்தியர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். தமிழர், தெலுங்கர், ஒடியர், வங்காளிகள். வழியில் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கே எடுக்கப்படவில்லை. காலரா, மலேரியா, பட்டினி.

என் அப்பத்தாவின் மடியில் இருந்த கைக்குழந்தை தாமுவுக்கு இரண்டு நாள் முன்னால் போய்விட்டது. அந்த இடத்துக்குப் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. "ஒரு பெரிய மரம், பக்கத்தில ஓடை" என்று மட்டும் அப்பத்தா சொல்லும். வெள்ளைக்காரனுக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி என்று பிரித்துவிட்டார்கள் என்ற கசப்பு தாத்தாவுக்குச் சாகும்வரை இருந்தது. அந்தப் புகார் அப்போதே இந்தியப் பத்திரிகைகளிலும் காங்கிரஸ் தலைவர்களின் பேச்சிலும் அடிபட்டதுதான்.

ஆனால் அவர் சிப்பாய்களைப் பற்றி வேறு மாதிரி சொல்வார். "அவனும் கிழிஞ்ச சட்டையோட நடந்தான், நாங்களும் நடந்தோம். ஆனா அவன் துப்பாக்கியைக் கீழ போடல." ஸ்லிமும் எல்லையில் நின்று தன் கடைசிப் பகுதி நடந்து வந்ததைப் பார்த்து ஏறக்குறைய இதையேதான் எழுதியிருக்கிறார்: சோளக்கொல்லை பொம்மை மாதிரி இருந்தார்கள், ஆயுதம் கையில் இருந்தது, அணி கலையவில்லை. தாத்தா இங்கிலீஷ் படித்தவர் இல்லை. அவர் சொன்னதற்கு முப்பது வருடம் கழித்துத்தான் நான் அந்தப் பக்கத்தைப் படித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஜனவரி 8

இம்பால் வரவேற்பு. 900 மைல் நடந்து வந்தவர்களுக்குக் கூடாரமில்லை, போர்வையில்லை. மழை பிடித்துவிட்டது. மலைச்சரிவைக் காட்டி அங்கே இருங்கள் என்றார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர் ஜெனரல் இர்வின். ஸ்லிம் போய் முறையிட்டபோது முகத்தில் அடித்தாற்போலப் பேசினார். இவ்வளவு மரியாதைக் குறைவை எதிர்பார்க்கவில்லை என்று ஸ்லிம் சொன்னதற்கு, நான் உனக்கு மேலதிகாரி, அதனால் நான் பேசுவது மரியாதைக் குறைவு ஆகாது என்ற பொருளில் பதில் வந்ததாம்.

இர்வின் எந்த ரெஜிமென்ட்காரர்? எஸ்ஸெக்ஸ். கல்லாபாத்தில் மாற்றப்பட்டவர் அவருடைய நண்பர்.

1943 வசந்தத்தில் பர்மாவின் மேற்குக் கடலோரமான அரக்கானில் நடத்திய தாக்குதல் சரிந்தபோது, கடைசி நேரத்தில் அந்தச் சுமையை ஸ்லிம் தலையில் ஏற்றி, பிறகு அவரையே நீக்கப் பார்த்தார் இர்வின். நீக்கப்பட்டது இர்வின். அந்த வருடம் அக்டோபரில் ஸ்லிம் கைக்கு வந்ததுதான் பதினாலாவது ராணுவம். ஆக, "காப்பாற்றப்பட்டார்" என்று எழுதிய நண்பர்களுக்கு: இப்படித்தான் காப்பாற்றினார்கள்.

ஜனவரி 10

மலேரியா. இதைப் பற்றி எனக்கு உரிமையோடு பேச முடியும். இருபத்தெட்டு வருடம் ராமநாதபுரம் கடலோரத்தில் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்தேன். வீடு வீடாகப் போய் விரலில் குத்தி ஸ்லைடு எடுப்பது, பாசிடிவ் வந்தால் மாத்திரை கொடுப்பது.

1943-ல் ஸ்லிம் பொறுப்பேற்றபோது இருந்த நிலைமையை அவரே எண்ணிக்கையாகத் தருகிறார். சண்டையில் காயம்பட்டுப் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு ஆளுக்கும் நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா மட்டும் வருடத்துக்கு, மொத்தப் படையில் நூற்றுக்கு 84 என்ற விகிதம். ஜப்பான்காரன் ஒரு குண்டும் சுடாமல் உட்கார்ந்திருந்தாலே சில மாதங்களில் படை கரைந்து போயிருக்கும்.

அவர் செய்தது பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. முதலாவது, மலேரியா வந்தவனை இந்தியாவுக்கு அனுப்பி ஐந்து மாதம் கழித்துத் திரும்பப் பெறுவதை நிறுத்தினார். போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே சிகிச்சை முகாம்கள் வைத்து மூன்று வாரத்தில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது, தினமும் மெபாக்ரின் மாத்திரை. மூன்றாவதுதான் விஷயம். மாத்திரை கொடுப்பது வேறு, விழுங்குவது வேறு.

இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! பிரைமாகுயின் பதினாலு நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நாலாம் நாள் மாத்திரை கூரை ஓலைக்குள் போய்விடும். கேட்டால் "சாப்பிட்டேன் சார்". ஒரு வயதான மீனவர் நான் கண்ணெதிரே கொடுத்ததை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, நான் தெரு முனை திரும்பியதும் துப்பினார். அவர் பேரப்பிள்ளைதான் ஓடி வந்து காட்டிக்கொடுத்தது. எனக்குக் கோபம் வந்தது, அவரைச் சத்தம் போட்டேன். பிறகு யோசித்தபோது தப்பு என் பக்கமும் இருந்தது. மாத்திரை வயிற்றைப் புரட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. வெறும் வயிற்றில் கொடுத்திருக்கிறேன்.

ஸ்லிம் என்ன செய்தார் என்றால், திடீர்ச் சோதனை வைத்தார். ஒரு பட்டாலியன் முழுவதையும் நிறுத்திப் பரிசோதிப்பது. நூற்றுக்கு 95 பேருக்குக் குறைவாக மருந்து உடலில் இருந்தால் சிப்பாயைத் தண்டிக்கவில்லை, அந்தப் பட்டாலியனின் தலைவரை வேலையிலிருந்து எடுத்தார். மூன்று பேரை எடுத்தார். நாலாவதுக்குத் தேவையே வரவில்லை.

நான் வேலை பார்த்த காலத்தில் எனக்கு மேல் இருந்த ஒரு அலுவலகத்தில் கேட்டதெல்லாம் எத்தனை மாத்திரை விநியோகம் ஆனது என்ற எண் மட்டும்தான். எத்தனை வயிற்றுக்குள் போனது என்று ஒருநாளும் ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் அந்த 95 என்ற எண்ணைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். 1945-ல் அந்தப் படையின் நோய் விகிதம் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு ஒருவர். அதே காடு, அதே கொசு.

வாசகரின் முதல் கேள்விக்கு என் பதிலில் பாதி இதுதான்.

ஜனவரி 10, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது: மெபாக்ரின் சாப்பிட்டால் தோல் மஞ்சளாகும், அது உண்மை. ஆண்மை போய்விடும் என்று முகாம் முழுக்க வதந்தி, அது பொய். எங்கள் பக்கத்தில் யானைக்கால் மாத்திரைக்கும் இதே வதந்தி வந்தது. நாடும் காலமும் மாறினாலும் இந்த வதந்தி மட்டும் அச்சு மாறாமல் வருகிறது.

ஜனவரி 13

விமானம் பற்றி நண்பர் விடவில்லை. சரி, விமானத்துக்கே வருகிறேன்.

விமானம் இருந்தது, பாராசூட் இல்லை. பட்டுப் பாராசூட்டுக்கு ஐரோப்பா முந்திக்கொண்டது. பர்மாப் போர்முனை வரிசையில் கடைசி. ஸ்லிமின் தளவாடப் பொறுப்பாளர் ஸ்னெல்லிங் கல்கத்தா சணல் ஆலைகளைப் பிடித்தார். கோணிப்பை நெய்கிற சணலில் பாராசூட். மனிதன் குதிக்க ஆகாது, அரிசியும் மாவும் இறங்க ஆகும். பட்டில் செய்தால் இருபது பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல், சணலில் ஒரு பவுண்டு அளவில் முடிந்தது. கோணித்துணியில் தார் பூசித் தரையில் விரித்துச் சாலையும் போட்டார்கள், மழைக்காலத்தில் லாரி ஓடுவதற்கு. காய்கறித் தோட்டம் போட்டார்கள், வாத்து வளர்த்தார்கள். பர்மாவின் சிந்துவின் (Chindwin) என்ற ஆற்றங்கரையில் கலேவாவில் தேக்கு மரம் வெட்டிப் படகு கட்டினார்கள். அதே கலேவாவில் 1944 டிசம்பரில் போட்ட பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களைப் பூட்டிப் போடும் பாலம்) 1,154 அடி, அந்த வகையில் அன்று உலகிலேயே நீளமானது.

முன்னணிப் படைக்குப் பாதி ரேஷன் என்றால் தன் தலைமையகத்துக்கும் பாதி ரேஷன் என்று உத்தரவு போட்டார். பசித்திருக்கிற அதிகாரி அரிசி அனுப்புவதைத் தள்ளிப்போட மாட்டான். கூர்க்காலியிலும் உருதுவிலும் நேரடியாகப் பேசுவார், ஜீப்பின் மேல் ஏறி நின்று. சிப்பாய்கள் வைத்த பெயர் "அங்கிள் பில்". மாமா என்று ஒரு தளபதியை யாரும் சும்மா கூப்பிடுவதில்லை.

இவற்றையெல்லாம் நெய்த, வெட்டிய, சுமந்த கைகள் யாருடையவை என்பதையும் எழுத வேண்டும். கல்கத்தா ஆலைத் தொழிலாளிகள், அசாம் தேயிலைத் தோட்டக் கூலிகள். 1943, வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்த வருடம். சணல் நெய்த வீட்டில் அரிசி இருந்ததா என்பது எந்தப் போர்க் கணக்கிலும் இல்லை. இதை எழுதாமல் ஸ்லிமைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஜனவரி 16

இம்பால், கொஹிமா. வெற்றி என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நான் அவர் செய்த தப்புகளிலிருந்து தொடங்குகிறேன்.

1944 மார்ச்சில் முத்தாகுச்சியின் ஜப்பானியப் பதினைந்தாவது ராணுவம் சிந்துவினைக் கடந்தது. அது வரும் என்று ஸ்லிமுக்குத் தெரியும். வெளியே சிதறி இருக்கும் டிவிஷன்களை இம்பால் சமவெளிக்கு இழுத்து, ஜப்பான்காரனைத் தன் உணவு வழியிலிருந்து தூரமாக வரவைத்து அடிப்பது திட்டம். நல்ல திட்டம். ஆனால் எப்போது பின்வாங்குவது என்று தானே முடிவெடுக்காமல் கீழே விட்டுவிட்டார். பின்வாங்கும் உத்தரவு தாமதமானது. இம்பாலுக்குத் தெற்கே போகும் திட்டிம் சாலையில் 17-வது இந்திய டிவிஷன் வெட்டுப்பட்டு, சண்டையிட்டுக்கொண்டே திரும்ப வேண்டியதாயிற்று.

இரண்டாவது தப்பு இன்னும் பெரிது. அந்த மலைகளில் ஒரு ரெஜிமென்ட்டுக்கு மேல், இம்பாலுக்கு வடக்கே இருக்கும் கொஹிமாவுக்கு வர முடியாது என்று கணக்குப் போட்டார். வந்தது சாட்டோவின் 31-வது டிவிஷன், முழுசாக. கொஹிமாவில் சண்டைபோடும் ஆட்கள் சுமார் 1,500 பேர். ஏப்ரல் 4 முதல் இரண்டு வாரம் அந்தச் சிறு குன்றில் சுற்றி வளைக்கப்பட்டுக் கிடந்தார்கள். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

இரண்டு தப்பையும் அவர் தன் நூலில் சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொள்கிறார். தன் தப்புக்கு விலை கொடுத்தது கொஹிமாவில் நின்றவர்கள் என்றும் சொல்கிறார்.

தப்பு தெரிந்ததும் 5-வது இந்திய டிவிஷனை அரக்கான் போர்முனையிலிருந்து விமானத்தில் தூக்கி இம்பாலில் இறக்கினார்கள். துப்பாக்கி, பீரங்கி, கோவேறு கழுதை எல்லாம் சேர்த்து. சண்டையில் இருந்த ஒரு டிவிஷனை இன்னொரு சண்டைக்கு வானத்தில் கொண்டுபோனது அதற்குமுன் நடந்ததில்லை. விமானங்கள் சீனாவுக்கு இமயமலை தாண்டிப் போகும் பாதையிலிருந்து எடுக்கப்பட்டவை, தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைவர் மவுண்ட்பேட்டன் தன் அதிகாரத்தை மீறிக் கொடுத்தார். இந்த இடத்தில் வாசகர் சொன்னது நூறு சதவீதம் சரி. விமானம் இல்லையென்றால் முடிந்தது கதை.

ஜூன் 22-ல் கொஹிமா, இம்பால் சாலை திறந்தது. ஏறக்குறைய 85,000 ஜப்பானியர்களில் பாதிக்கு மேல் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். அதிகம் கொன்றது பசியும் நோயும். சாட்டோ தன் மேலதிகாரி பேச்சைக் கேட்காமலே டிவிஷனைத் திருப்பிக்கொண்டு போனார், அரிசி இல்லை என்று.

தாத்தா நடந்து வந்த அதே தாமு வழியாகத்தான் ஜப்பானியர்கள் செத்துச் செத்துத் திரும்பிப் போனார்கள். அவர்கள்மீது எனக்கு அன்பு இல்லை. ஆனாலும் அந்த வழி எத்தனை பேரைத்தான் தின்றது.

ஜனவரி 17

ஜப்பானியர்களின் முதுகுக்குப் பின்னால் காட்டில் சண்டையிட்ட சிண்டிட் படையின் தலைவர் விங்கேட் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர் தனி இழைக்கான ஆள். இங்கே ஒன்று மட்டும்: 1944 மார்ச் 24-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். பல வருடம் கழித்துத் தன் நூலில் ஸ்லிம் அவரைப் பற்றி எழுதிய கடுமையான வரிகளுக்கு அவர் பக்கத்தவர்கள் இன்றும் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். செத்தவர் பதில் சொல்ல முடியாது.

ஜனவரி 20

மெய்க்டிலா. சுருக்கமாக எழுத நினைத்தேன், முடியவில்லை.

1944 கடைசியில் ஸ்லிம் போட்ட திட்டம், ஷ்வேபோ சமவெளியில் ஜப்பானியர்கள் நின்று சண்டை போடுவார்கள் என்பது. புதுத் தளபதி கிமுரா நிற்கவில்லை, ஐராவதிக்குப் பின்னால் போய்விட்டார். போட்ட திட்டம் பாழ். டிசம்பர் நடுவில் அது புரிந்தவுடன் முழுத் திட்டத்தையும் கிழித்துப் புதிதாகப் போட்டார். கல்லாபாத்தில் தயங்கிய அதே மனிதர்.

ஒரு கோர் மண்டலேக்கு வடக்கே சத்தமாக ஆற்றைக் கடந்தது. இன்னொரு கோர், மெஸ்ஸர்வியுடையது, கங்காவ் பள்ளத்தாக்கு வழியாக வானொலியை அணைத்துவிட்டுத் தெற்கே போனது. அது இன்னும் வடக்கேதான் இருக்கிறது என்று காட்டப் போலித் தலைமையகம் ஒன்று வானொலியில் பேசிக்கொண்டே இருந்தது. பிப்ரவரி 14-ல் நயாங்-உ என்ற இடத்தில் ஆற்றைக் கடந்து, மார்ச் முதல் வாரத்தில் மெய்க்டிலாவைப் பிடித்தார்கள். ஜப்பானியப் படையின் கிட்டங்கி, ஆஸ்பத்திரி, விமானத்தளம் எல்லாம் அங்கேதான். மண்டலே மார்ச் 20-ல் விழுந்தது.

மெய்க்டிலாவுக்குப் போனது எந்த டிவிஷன்? 17-வது. சித்தாங்கில் இரண்டு பிரிகேடு இழந்த, திட்டிம் சாலையில் வெட்டுப்பட்ட அதே 17. தலைவர் கோவன், பின்வாங்கலிலும் உடன் நடந்தவர். அவருடைய மகன் அந்த நாட்களில் மண்டலேயில் செத்தான். செய்தி தெரிந்தே அவர் மெய்க்டிலாவில் சண்டையை நடத்திக்கொண்டிருந்தார்.

ஜனவரி 21

ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) பற்றி எழுதாமல் தப்பிக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தப்பிக்கவில்லை, தயங்கினேன். எங்கள் ஊரிலேயே மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜி படையில் சேர்ந்து திரும்பியவர் ஒருவர் இருந்தார். சுதந்திர தினத்தன்று பள்ளியில் கொடியேற்ற அவரைத்தான் கூப்பிடுவார்கள். மலேயாத் தமிழர்கள் எத்தனையோ பேர் அந்தப் படையில்.

ஸ்லிம் ஐ.என்.ஏ.வை மதிக்கவில்லை. அவர் எழுத்தில் அது தெளிவாகத் தெரிகிறது, எனக்கு அது வலிக்கிறது. அவருக்கு அது தன் உப்பைத் தின்றவர்களின் துரோகம். எங்கள் ஊர்ப் பெரியவருக்கு அது தன் நாடு. சரணடைய வந்த ஐ.என்.ஏ.காரர்களை இந்திய, கூர்க்கா வீரர்கள் சுட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்து, கொஞ்சம் இரக்கத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட வேண்டியிருந்ததையும் அவரே பதிவு செய்கிறார்.

1945 மே மாத ரங்கூன். ஜப்பானியர்கள் போய்விட்டார்கள், பிரிட்டிஷார் இன்னும் வரவில்லை. நடுவில் அந்த நகரத்தைக் கொள்ளையில்லாமல் காத்தது மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் விடப்பட்ட சில ஆயிரம் ஐ.என்.ஏ. வீரர்கள். லோகநாதன் தமிழர், ராணுவ டாக்டராக இருந்தவர். இந்தக் கதையை நம் பள்ளிப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

அதே மாதம் நடுவில், முதலில் ஜப்பானியர் பக்கம் இருந்து பிறகு அவர்களுக்கு எதிராகத் திரும்பிய பர்மியப் படையின் தலைவர் ஆங் சான் ஜப்பானிய உடையிலேயே மெய்க்டிலாவுக்கு வந்து ஸ்லிமைச் சந்தித்தார். அவரை ஸ்லிம் நேர்மையானவர் என்று எடைபோட்டுக் கூட்டாளியாக ஏற்றுக்கொண்டார். ஆங் சானுக்குக் கொடுத்த மரியாதையை லோகநாதன் பக்கம் ஏன் திருப்பவில்லை? இந்தக் கேள்விக்கு அவர் எழுத்தில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஜனவரி 24

ரங்கூன் பிடிபட்ட அதே மே மாதத்தில் ஸ்லிமை மாற்றப் பார்த்தார்கள். மேலதிகாரி ஆலிவர் லீஸ் வந்து, நீங்கள் களைத்துவிட்டீர்கள், பதினாலாவது ராணுவத்தை கிறிஸ்டிசனிடம் கொடுத்துவிட்டு பர்மாவில் இருக்கும் சின்னப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஸ்லிம் மறுத்து, ஓய்வு பெற்றுக்கொள்கிறேன் என்றார். சத்தம் போடவில்லை. செய்தி பரவியதும் படையில் கொந்தளிப்பு. லண்டனில் பிரிட்டிஷ் ராணுவத் தலைமைத் தளபதி புரூக், டில்லியில் இந்திய ராணுவத் தலைமைத் தளபதி ஆக்கின்லெக், இருவரும் எதிர்த்தார்கள். கடைசியில் போனது லீஸ், அவர் இடத்துக்கே வந்தது ஸ்லிம்.

1948-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கே தலைமைத் தளபதி. அந்தப் பதவியை விட்டுப்போகும் மாண்ட்கோமரி வேறு ஒருவரைச் சொன்னார், பிரதமர் அட்லி இவரை வைத்தார். இந்திய ராணுவ அதிகாரி ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல்.

பிப்ரவரி 2

ஒரு வாரம் எழுதவில்லை, பழைய புகைப்படங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற வருடம் இம்பாலும் கொஹிமாவும் போயிருந்தேன். மோரேயில் எல்லை வாசல்வரை போய் தாமு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். மோரேயில் பர்மாவிலிருந்து பிற்பாடு வந்த தமிழர்கள் கட்டிய அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. அங்கே திருநீறு வாங்கி ஓடைக்கரையில் கொஞ்சம் போட்டேன், அப்பத்தா சொன்ன ஓடை அது இல்லை என்று தெரிந்தும்.

கொஹிமா கல்லறைத் தோட்டத்தில் 1,420 கல்லறைகள். மேலே, எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவிடத்தில் 917 பெயர்கள். டென்னிஸ் மைதானத்தின் கோடுகளை வெள்ளைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறார்கள். பெயர்களை ஒன்றொன்றாகப் படித்தேன். பாதியில் மழை வந்தது, குடை பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் படித்தேன்.

ஜனவரி 4-ல் நான் எழுதிய பதிலை இன்று எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அன்று ஸ்லிமை வாசகரிடமிருந்து காப்பாற்றும் வேகத்தில் எழுதினேன். அவருக்கு அந்தக் காவல் தேவையில்லை, தன் தப்புகளைத் தானே எழுதிவைத்துவிட்டுப் போனவர். வாசகரின் கேள்வியில் எனக்கு இன்னும் ஒரே இடத்தில்தான் சம்மதமில்லை: "ஆள் அதே ஆள்" என்ற இடத்தில். 1942-ல் மலைச்சரிவு மழையில் கிடந்த தன் ஆட்களைப் பார்த்தவர், 1943-ல் மாத்திரை வயிற்றுக்குள் போனதா என்று கேட்டார்.

திட்டிம் சாலை, தாமு, மோரே வழியாக நடந்து வந்த குடும்பங்கள் இங்கே வேறு யாராவது இருந்தால், எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள், எந்த மாதம், வழியில் யாரை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதை எழுதுங்கள். 1942 மே மாதத் தொடக்கத்தில் கலேவாவில் இருந்தவர்கள் முக்கியமாக. என் தாத்தா அங்கே ஆற்றைக் கடக்கப் படகுக்காக நான்கு நாள் காத்திருந்தார்.